ஏழாவது கேள்வி

டேட்டன் நகரில் பிப்ரவரி மாதத்து வியாழன்.
உப்பைக் கொட்டியும் இளகாத பனி கார் நிறுத்தத்தில்.
வெளியாக நான்கு மாதம் இருக்கும் படத்துக்கு
முந்நூற்றுப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.
அவர்கள் போன்களை உறையில் போட்டுப் பூட்டுவதும்
முடிந்தபின் கருத்து அட்டைகளைச் சேர்ப்பதும் என் வேலை.
மணிக்குப் பதினாறு டாலர்.
பாப்கார்ன் இலவசம், உப்பு அதிகம்.

'சாம்பல் நாரை' முதல் படம் வந்தபோது
எனக்கு வேறு வேலை, வேறு கணவன்.
கதை பாதி மறந்துவிட்டது.
வில்லனுக்கு என்ன கோபம் என்று கேட்டால் தெரியாது.
ஒன்று மட்டும் போகவில்லை:
பாலத்தில் தொங்கிய பள்ளிப் பேருந்தை
மேலே இழுத்து வைத்துவிட்டு
காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போவான்.
நனைந்த உடையை இயந்திரத்துக்குள் திணித்துவிட்டு
உள்ளாடையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவான்.
கை நடுங்கும்.
சில்லறை விழும்.
பொறுக்க மாட்டான்.
இயந்திரம் சுற்றும், சுற்றும்.
இசையில்லாத இரண்டு நிமிடம்.
பின்வரிசையில் யாரோ இருமியதுகூட
எனக்கு அந்தப் படத்தின் பகுதிதான்.

இரண்டாவதில் பேருந்து இல்லை.
மூன்று நகரங்கள், ஒரு நிலா,
நிலாவை இரண்டாகப் பிளக்கும் ஒருத்தி.
நாரைக்குப் புதுச் சிறகு. சிறகுக்குள் சிறகு.
நாரை என்றால் ஒற்றைக்காலில் நிற்கவும் வேண்டும் அல்லவா,
இது ஓர் இடத்தில் நிற்கவே இல்லை.

விளக்கு எரிந்தது.
குட்டைப் பென்சில்களின் கிறீச்சொலி.
கடைசி வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டிருந்த
இயக்குநரின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ஏழாவது கேள்வி:
முதல் படத்தோடு ஒப்பிட்டால் இது எப்படி?
மிகவும் மேல், மேல், அதே அளவு, கீழ், மிகவும் கீழ்.
ஐந்து கட்டங்கள்.

ஆக்டேவியஸ், வயது ஒன்பது:
'மிகவும் மேல்' என்பதைப் பென்சில் உடையும்வரை அழுத்தியிருக்கிறான்.
அடைப்புக்குறிக்குள், 'நான் முதலாவதைப் பார்த்ததில்லை.'
அவனுக்கு இதுதான் முதல் படம், பாவம், இல்லை, கொடுத்துவைத்தவன்.
குழாய் பழுதுபார்க்கும் வெர்லின்:
'கீழ். ஆனால் என் முதுகு வலிக்கிறது, அதையும் கணக்கில் கொள்ளவும்.'
பெயர் எழுதாத ஓர் அட்டை.
ஐந்து கட்டங்களையும் விட்டுவிட்டு
ஓரத்தில் ஆறாவதாக ஒன்றைக் கையால் வரைந்து
அதற்குள் எழுதியிருந்தது:
'இப்போது இவன் எங்கே துணி துவைக்கிறான்?'

கணினியில் ஐந்துக்குத்தான் இடம்.
செல்லாத அட்டை என்று பதிந்துவிட்டு
குப்பையில் போட்டிருக்க வேண்டும்.
கட்டின் மேலே வைத்தேன்,
தொப்பிக்காரர் முதலில் எடுக்கும் இடத்தில்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஜூன் மாதம். என் காசில் டிக்கெட்.
நிலா பிளந்த பிறகு,
ஐயோ, வந்துவிட்டது, துவைக்கும் கடை!
நீல வெளிச்சம். புத்தம்புது இயந்திரங்கள்.
விரல்கள் நடுங்கின, ஒவ்வொன்றும் தனித்தனியே, அழகாக.
நாணயம் விழுந்தது மெல்ல, மிக மெல்ல,
தரையைத் தொடும் கணத்தில் நாற்பது வயலின்கள்.
கைதட்டினார்கள்.
பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்,
பொய்யாக அல்ல.

கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள்.
கேட்டதனால் கொடுத்திருக்கிறார்கள்.
முதல் முறை யாரும் கேட்கவில்லை,
அவன் உட்கார்ந்தான், அவ்வளவுதான்,
தன்னை யாரும் பார்ப்பார்கள் என்று தெரியாத ஒரு படத்துக்குள்.
அந்தத் தெரியாமையை
எந்த அட்டையில் எழுதிக் கேட்பது?

வயலின்கள் ஓயும் ஓர் இடைவெளியில்
நான் இருமினேன்.
தொண்டையில் ஒன்றுமில்லை.
முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார்.
இன்னொரு முறை இருமினேன்.